பாஸில் போட்ட நாடு

வீடு நிறைய ஆட்கள். என் அறையில் மாமாவும் மாமியும் படுத்திருக்கிறார்கள். இருக்கையறை சோபாவில் அவர்களுடைய மகன் சுபாங்கன். எனக்குக் கிடைத்தது உடுப்புத் தோய்க்கிற அறை. உலர்த்துகிற மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறேன். அதில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கிறது. இன்றைக்கு நடந்ததை எழுதி முடிக்காமல் எனக்கு நித்திரை வரப்போவதில்லை.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நான் பயந்த பிள்ளை. மிதுஷா என்றால், "ஆர், அந்த வாய் திறவாத பிள்ளையோ?" என்றுதான் டென்மார்க்கில் இந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை உயர்த்த மாட்டேன். பீட்சாக் கடைக்குப் போன் எடுக்கச் சொன்னால் போனை அப்பாவிடம் நீட்டிவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் யார் எங்கே போவதென்றாலும் ரிக்கற் போடுகிறது நான்தான். திரையோடு பேச எனக்குப் பயமில்லை. அது திருப்பிக் கத்தாது.

அம்மா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். இந்த நாட்டில் ஒரே இடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவரைச் சும்மா விடமாட்டார்கள். மேசையில் கொடி, கேக், பேச்சு, கூட வேலை செய்கிறவர்களே எழுதிப் பாடுகிற பாட்டு என்று ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். யுபிலேயம் என்று சொல்வார்கள். அம்மாவின் யுபிலேயம் இன்றைக்கு, மதியம் ஒரு மணிக்கு. தனக்கென்று எதையும் கேட்காத அம்மா இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணை வரவேணும்."

அண்ணை என்றால் நித்தியானந்தன் மாமா. நான் தவழ்ந்து திரிந்த காலத்திலேயே இந்த ஊரைவிட்டு இங்கிலாந்துக்குப் போனவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வேண்டும் தமிழும் வேண்டும், இங்கே கிடந்தால் இரண்டும் வராது என்று சொல்லி, இங்கிருந்து போன எத்தனையோ குடும்பங்களைப் போல அவரும் லெஸ்ரருக்குப் போனார். அம்மாவையும் வரச்சொல்லி நெருக்கினாராம். அம்மா மாட்டேன் என்றதும், "அப்ப நீ இந்தக் குளிருக்குள்ளை கிடந்து கிழடுகளுக்குக் கழுவு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாராம். அம்மா இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அப்பாதான் ஒருமுறை கோபத்தில் கொட்டிவிட்டார். அதன் பிறகும் அண்ணனும் தங்கையும் போனில் கதைத்தார்கள். ஆனால் மாமா இந்தப் பக்கம் கால் வைக்கவேயில்லை.

இப்போது வருகிறேன் என்றார். கொப்பன்ஹாகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் தன் பழைய நண்பர் சூசைதாசன் வீட்டில் ஓர் இரவு, பிறகு ஹொல்ஸ்டெப்ரோ, விபோர்க்கில் மாமியின் ஆட்கள், அங்கிருந்து ஜேர்மனி, ஹம்பேர்க். வழியெல்லாம் போகவேண்டிய வீடுகள். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீட்டுக்காரர் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள்.

வீடியோவில் கூடிப் பேசினோம். அப்பாவுக்கு விமானம்தான் சரி.

"கொப்பன்ஹாகனிலை இருந்து இஞ்சை காருப் எயார்போட்டுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லை. நான் காரோடை வந்து நிப்பன். இங்கிலாந்திலை இருந்து வாற மனிசரை ரெயிலிலை இழுபட விடுறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அது சின்னப் பிளேன், அப்பா. மாமியின்ரை பெட்டியைக் கண்டா பைலட் இறங்கி ஓடிடுவார்" என்றேன். வீட்டு ஆட்களோடு எனக்கு வாய் உண்டு.

திரைக்குள் இருந்து மாமி, ராசமலர் மாமி, சிரித்தார். "அவள் சொல்லுறது சரி. பலகாரம் மட்டும் ஒரு பெட்டி கிடக்கு. பிளேனிலை நிறுத்துப் பாத்து வெளியிலை எடு எண்டுவாங்கள்."

"அப்ப மலிவு ரிக்கற்றைப் போடன், பிள்ளை" என்றார் மாமா.

"அது அந்த ரெயிலுக்கு மட்டும்தான் மாமா. விட்டா ரிக்கற் செத்துது."

"நான் ஏன் விடப்போறன்?"

மாமாவுக்குப் பின்னால் நின்ற சுபாங்கன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் விடைபெறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? "அப்ப போட்டு வாறம்" என்று எழும்புவார்கள். கதவடியில் ஒரு கதை தொடங்கும். சப்பாத்துப் போட்டபிறகு இன்னொரு கதை. காரடியில்தான் முக்கியமான கதையே வரும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ரெயிலோடு கட்டிய ரிக்கற் சரிவராது. சாதாரண ரிக்கற் எந்த ரெயிலுக்கும் செல்லும். ஆனால் இத்தனை ஊருக்கும் ஜேர்மனிக்கும் தனித்தனியாக எடுத்தால் பாஸைவிடக் கூட வரும். ஆகவே ரெயில் பாஸ். அதில் இத்தனை பயண நாட்கள் என்று ஒரு கணக்கு இருக்கும்; பயணம் செய்கிற நாளில் எந்த ரெயிலிலும் ஏறலாம், எங்கும் இறங்கலாம். நான் சொல்லி முடித்தபோது அப்பாவே தலையாட்டினார்.

அடுத்த கேள்வியில்தான் பிரச்சினை வந்தது.

"மாமா, எந்த நாடு எண்டு கேக்குது."

"இதென்ன கேள்வி? டென்மார்க் எண்டு போடு. எங்களிட்டை டெனிஷ் பாஸ்போட் எல்லோ கிடக்கு!"

"பாஸ்போட்டை இல்லை மாமா, குடியிருக்கிற நாட்டைத்தான்..."

"சொன்னதைப் போடு பிள்ளை. நாங்கள் டெனிஷ்காரர்."

பாஸின் விதிகளை நான் படித்திருந்தேன். சொந்த நாட்டுக்குள் அந்தப் பாஸ் ஓடாது. நாட்டைவிட்டு வெளியே போக ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை, அவ்வளவுதான். சொந்த நாடு என்றால் எந்தப் பாஸ்போட் என்பதில்லை, எங்கே குடியிருக்கிறோம் என்பது. டென்மார்க் என்று போட்டால் மாமா டென்மார்க்குக்குள் அந்தப் பாஸில் ஊர் ஊராகத் திரிய முடியாது. அதை இன்னொருமுறை எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஓம் மாமா என்று சொல்லிவிட்டுப் பிரிட்டன் என்று போட்டேன். சுபாங்கனுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். அவன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தாய் தகப்பனின் போன்களில் பாஸை ஏற்றிவிட்டான்.

நேற்று அவர்களைக் கூட்டிவர நானே அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனேன். இன்று காலையில் நான் நினைத்த மாதிரியே நடந்தது. சூசைதாசன் அங்கிள் வீட்டில், "ஒரு தோசையாவது சாப்பிடாமல் போறதோ" என்றார்கள். பிறகு கதவடிக் கதை. பிறகு சப்பாத்துக் கதை. ஹொய தோஸ்த்ரூப் ஸ்ரேசனுக்கு நாங்கள் பெட்டிகளோடு ஓடியபோது நான் குறித்து வைத்திருந்த ரெயில் போய்விட்டது.

"போச்சே!" என்றார் மாமி.

"போகட்டும் மாமி. அடுத்தது வரும். பாஸ்தானே."

அடுத்த ரெயிலில் ஏறிய பிறகு மாமா என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரி. மலிவு ரிக்கற்றெண்டா இப்ப மாமாவின்ரை கதை கந்தல்." எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த ரெயிலிலும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இதையும் விட்டிருந்தால் முடியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடலுக்கு மேலே போகிற பெரிய பாலத்துக்கு முன்னால், ரிக்கற் பார்க்கிற பெண் வந்தார். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, சிரித்த முகம். மாமாவின் போனைப் பார்த்துவிட்டுப் பாஸ்போட் கேட்டார். மாமா சிவப்புப் பாஸ்போட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கல்யாண வீட்டில் மொய் கொடுக்கிற மாதிரி நீட்டினார்.

"ஓ, டெனிஷா!" என்றார் அந்தப் பெண் டெனிஷில். "எந்த இடம்?"

மாமாவின் டெனிஷ் இத்தனை வருடமாகப் பெட்டிக்குள் இருந்தது. அது வெளியே வந்த சந்தோஷத்தில் ரெயில் பெட்டி முழுவதற்கும் கேட்கச் சொன்னார்: "ஹொல்ஸ்டெப்ரோ! நாங்கள் எல்லாரும் ஹொல்ஸ்டெப்ரோ ஆட்கள்!"

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தப் பெண் போனை மறுபடி பார்த்தார். "இதில் பிரிட்டன் என்று இருக்கிறதே. இங்கே குடியிருப்பவர்களுக்கு இந்தப் பாஸ் இங்கே செல்லாது. நீங்கள் ரிக்கற் எடுக்கவேண்டும்." குரலில் கோபம் இல்லை. "மற்றவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். யோசித்துச் சொல்லுங்கள்."

அவர் நகர்ந்ததும் மாமா என்னைப் பார்த்தார்.

"என்ன இது? ஆர் பிரிட்டன் எண்டு போட்டது?"

சுபாங்கன் யன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. அந்த நேரத்தில் விளங்காத மாதிரியும் இருந்தான்.

"நான்தான் மாமா" என்றேன்.

"நான் சொன்னது டென்மார்க் எல்லோ?"

"டென்மார்க் எண்டு போட்டா இஞ்சை ஓடேலாது மாமா. இந்தப் பாஸ் வெளியாக்களுக்குத்தான்."

"அப்ப நான் வெளியாளோ?"

மாமி அவருடைய கையைப் பிடித்தார். "இஞ்சேருங்கோ, சனம் பாக்குது. காசைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இருப்பம்."

"காசோ இப்ப பிரச்சினை? இந்த நாட்டிலை நான் மீன் பெட்டி தூக்கினனான். பனிக்குள்ளை சைக்கிள் ஓடி வரி கட்டினனான். இண்டைக்கு ஒரு சின்னப் பெட்டை என்னை வெளியாள் எண்டு எழுதி வைச்சிருக்கிறாள். எழும்பு. ஒடென்ஸேயிலை இறங்குவம். திரும்பிப் போவம். பிள்ளை, கொம்மாட்டைச் சொல்லு, அண்ணைக்கு இஞ்சை மரியாதை இல்லையாம் எண்டு."

எழும்பி மேல் தட்டில் இருந்து பெட்டியை இழுத்தார். ரெயில் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது ஒடென்ஸே. மாமா சொன்னால் செய்கிற மனிதர். ஒருமுறை செய்தும் காட்டியவர். அங்கே அம்மா பட்டுச் சீலை உடுத்துக்கொண்டு முன்வரிசையில் மூன்று கதிரைகளைப் பிடித்து வைத்திருப்பார். அவருக்கு நான் போன் எடுத்து என்ன சொல்வது?

நான் எழும்பி நடைபாதையில் நின்றேன். மாமாவின் நெஞ்சளவுதான் இருப்பேன்.

"விலகு பிள்ளை."

"மாட்டன் மாமா."

இது என் வாயா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் தொடங்கியது நிற்கவில்லை.

"நீங்கள் போகேக்கை அம்மாவைப் பாத்து என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் கிழடுகளிட்டைத்தான் இப்ப போறம். அவை அம்மாவுக்குக் கொடி வைச்சு, பாட்டும் எழுதி வைச்சிருக்கினம். அதை நீங்கள் பாக்கவேணும் எண்டுதான் அம்மா கூப்பிட்டவா. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

மாமாவின் கை பெட்டியிலேயே இருந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். சுபாங்கன் யன்னலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீங்கள் ஆர் எண்டு பாஸ் கேக்கேல்லை மாமா. இப்ப எங்கை குடியிருக்கிறீங்கள் எண்டுதான் கேக்குது. அம்மா இஞ்சை இருந்தவா. நீங்கள் இருக்கேல்லை. அது பிழை இல்லை. ஆனா அதைத்தான் நான் எழுதினனான்."

ரெயில் வேகம் குறைந்தது. ஒடென்ஸேயின் கட்டடங்கள் வரத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து நரைத்த தலைப் பெண் திரும்பி வந்தார். நான் அவர் பக்கம் திரும்பி டெனிஷில் பேசினேன். வகுப்பில் கேட்காத குரல் அது. இவர்கள் முன்பு ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தவர்கள். பதினைந்து வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறார்கள். விதி குடியிருக்கும் நாட்டைத்தான் கேட்கிறது, பாஸ்போட்டை இல்லை. விலாசத்தோடு அங்கத்தைய சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது.

அவர் தலையாட்டினார். "விதி அதுதான்." பிறகு என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்தார். "உண்மையா? நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?"

ரெயில் நின்றது. கதவு திறந்தது. ஆட்கள் எங்கள் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அதை நான் மாமாவுக்காகச் சொல்ல முடியாது. நான் நடைபாதையை விட்டு ஓரமாக நின்றேன். இறங்குவதென்றால் இறங்கலாம்.

மாமா கதவைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்ப மேலே தள்ளினார். பின்பையில் இருந்து அனுமதிப்பத்திரத்தை எடுத்தார். எடுக்க நேரம் எடுத்தது.

"நான் இங்கே குடியிருக்கவில்லை" என்றார் டெனிஷில், ஒவ்வொரு சொல்லாக. "லெஸ்ரர். இங்கிலாந்து."

சுபாங்கனும் தன்னுடையதைக் காட்டினான். மாமியிடம் கார் ஓடுகிற அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக, தான் வேலை செய்கிற லெஸ்ரர்ப் பள்ளிக்கூடச் சமையலறையின் அட்டையைக் கழுத்துப் பட்டியோடு கைப்பையில் இருந்து இழுத்தார். அந்தப் பெண் சிரித்து, போதும் என்றார். கதவு மூடியது.

"டென்மார்க்குக்கு நல்வரவு" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

சுபாங்கன் ஆங்கிலத்தில் மெல்ல, "டாட், உங்களை வரவேற்கிறார்" என்றான்.

"வாயை மூடடா" என்றார் மாமா. ஆனால் இருந்துவிட்டார்.

வைலேயில் இறங்கிச் சின்ன ரெயிலுக்கு மாறினோம். மாமா பேசவில்லை. ஸ்ரேசன் பெயர்கள் வரும்போது மட்டும், பலகை தெரிய முன்னமே உதடு அசைந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேசாத மாமா பேசுகிற மாமாவைவிட மோசம். ஹேர்ணிங் தாண்டியதும் மாமி பெட்டியில் இருந்து ஒரு சீலையை எடுத்துக்கொண்டு ரெயில் கழிவறைக்குள் போனார். ரெயில் குலுங்குகிற குலுக்கலில் உள்ளே இருந்து, "ஐயோ அம்மா" என்று சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது பச்சைப் பட்டும் சரிகையும், கொய்யக மடிப்பு ஒன்றுகூடக் குலையாமல்.

"எப்பிடி?" என்றார் என்னைப் பார்த்து.

"சுப்பர் மாமி."

"பின்னை? என்ரை மச்சாளின்ரை நாள் எல்லோ."

ஹொல்ஸ்டெப்ரோ ஸ்ரேசனில் அப்பா காரை இயக்கியபடியே வைத்திருந்தார். நாங்கள் முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தபோது பாட்டுக்கான தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முன்வரிசையில் இருக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவைக் கண்டதும் முகம் அப்படியே ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு நேரானது.

"களைச்சுப் போனியளோ அண்ணை?"

"இல்லை" என்றார் மாமா. "உன்ரை மகள் வழியிலை என்னை வெளியாள் ஆக்கிப்போட்டாள்."

"அவளோ? அவள் பயந்தவள் அண்ணை. வாய் திறக்கமாட்டாள்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ம். பயந்தவள்" என்றார்.

பாட்டில் அம்மாவைப் பற்றி ஆறு பந்தி. இரவு வேலையில் பனிக்குள் நடந்து வந்தது, சாகிறவர்களின் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது, எல்லாருடைய கோப்பியிலும் ஏலக்காய் போட்டுப் பழக்கியது எல்லாம் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஈவர் என்ற தாத்தா பாட்டு முடியும் வரை அம்மாவின் சீலைத் தலைப்பை விடவில்லை. பாட்டு முடிந்ததும் நிற்கக்கூடியவர்கள் எல்லாரும் எழும்பி நின்றார்கள். நிற்க முடியாதவர்களும் ஊன்றுகோலை இறுக்கிக்கொண்டு கொஞ்சம் எழும்பினார்கள்.

யாரும் கேட்காமல் மாமா முன்னால் போனார். டெனிஷில் தொடங்கினார். வந்தது ரெயிலில் சொன்ன அந்த வசனம்தான்.

"நான் இங்கே குடியிருக்கவில்லை."

அதற்குமேல் டெனிஷ் கிடைக்கவில்லை. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, மிச்சத்தை நீ சொல்லு."

அறை நிறைய ஆட்கள். எல்லாருடைய கண்ணும் என்மேல். நான் போய் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் டெனிஷில் சொன்னேன்.

"போகேக்கை இவளிட்டை ஒரு கூடாத கதை சொல்லிப்போட்டுப் போனனான். அதை உங்களுக்குச் சொல்லமாட்டன். நீங்கள் எனக்கு இருக்கக் கதிரை தரமாட்டியள்."

அதை நான் மாற்றிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஈவர் தாத்தாதான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார்.

"இவள் நிண்டாள். நான் போனன். இண்டைக்கு நீங்கள் எல்லாரும் இவளுக்கு எழும்பி நிண்டதை என்ரை கண்ணாலை கண்டிட்டன். செல்வமலர் என்ரை தங்கச்சி. அவ்வளவுதான்."

கடைசி வசனத்தை நான் சொன்னபோது என் குரல் உடையவில்லை. அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவை அல்ல, என்னை. இந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்பது போல.

இதையெல்லாம் இந்த அறைக்குள் இருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே நடைவழியில் யாரோ நடக்கிற சத்தம். கதவைத் தட்டியது மாமா. மாமாவிடம் எனக்கு இன்னும் பயம்தான். ஒருநாளில் போகிற பயம் இல்லை அது.

"படுக்கேல்லையோ? நாளைக்கு விபோர்க்குக்கு என்னெண்டு போறது? பாஸோ?"

"பாஸைத் தொடாதேங்கோ மாமா. ஒரு நாள் வீணாப் போயிடும். கிட்டத்தானே, ரிக்கற் போதும். பாஸை ஹம்பேர்க்குக்கு வைச்சிருங்கோ."

"அங்கை பிளேனிலை போகேலாதோ?"

"போகலாம். மாமியின்ரை பெட்டியை இஞ்சை விட்டிட்டுப் போகலாம்."

"ஐயோ, வேண்டாம். நீ சொன்னபடியே செய்வம்." போகத் திரும்பியவர் நின்றார். "ரெயிலிலை திரும்பவும் கேட்டா என்ன சொல்லுறது?"

"இங்கிலாந்து எண்டு சொல்லுங்கோ. தங்கச்சி வீட்டை வந்தனாங்கள் எண்டும் சொல்லுங்கோ."

"அதை டெனிஷிலை ஒருக்காச் சொல்லு."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். தங்கச்சி என்ற சொல்லில் நாக்கு இடறியது. மறுபடி சொல்லிக் கொடுத்தேன். என் அறை வரைக்கும் நடைவழி முழுக்க அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தடவை, கதவடியில், சரியாக வந்தது.